ஃபாரடேயின் ஞாயிறும் திங்களும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் அண்ணன் கேட்டபோது, விடுதி மெஸ்ஸைப் பற்றியோ, கல்லூரி நாள் கலாட்டாக்களைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவற்றை என்னைவிட ருசியாக எழுதக்கூடியவர்கள் எங்கள் செட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். ஆகவே நம் அனைவருக்கும் பெயரளவில் தெரிந்த ஒரு மனிதரைப் பற்றி எழுதத் துணிந்தேன். அவர் மைக்கேல் ஃபாரடே.

பெயரளவில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முதலாம் ஆண்டு இயற்பியல் ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். காந்தத்தைக் காயிலுக்குள் நுழைத்தால் கால்வனோமீட்டர் முள் ஒரு பக்கம் துள்ளும். வெளியே இழுத்தால் மறுபக்கம் துள்ளும். சும்மா வைத்திருந்தால் அசையாது. ஃபாரடே விதியை எழுதி, படம் வரைந்து, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினோம். அந்த மனிதர் யார், எப்படி வாழ்ந்தார் என்று நாமும் கேட்கவில்லை, சிலபஸ்ஸிலும் அது இல்லை.

படிப்பு முடிந்து நான் சேர்ந்தது டிரான்ஸ்பார்மர் தயாரிக்கும் ஆலை ஒன்றின் சோதனைப் பிரிவில். ஞாயிறு காலை ஆலயம், திங்கள் காலை ஷிப்ட். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். எங்கள் விடுதி ஜெபக் குழுவில் இருந்த இருவர் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் சட்டையில் எண்ணெய் வாடையோடு வீடு திரும்பும் எனக்கு, நான் செய்வது வெறும் சம்பள வேலைதானா, இதில் ஆண்டவருக்கு ஏதாவது அக்கறை உண்டா என்ற கேள்வி முப்பது வயதைத் தாண்டியதும் பிடித்துக்கொண்டது. ராஜினாமாக் கடிதம்கூட ஒருமுறை எழுதி வைத்தேன். அந்தச் சமயத்தில்தான் ஃபாரடேயின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தது.

1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், அப்போது லண்டனுக்குப் புறநகராக இருந்த நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் ஃபாரடே பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர். வடக்கு இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். உடம்பு சரியில்லாத மனிதர், பல நாள் உலையை மூட்டவே முடியாது. 1801-இல் தானிய விலை எகிறியபோது சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு ரொட்டிதான். அதை அவனே பங்கு வைத்துச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் கிடைத்தது எழுத்தும் படிப்பும் கொஞ்சம் கணக்கும், அவ்வளவுதான். கணக்கு கடைசிவரை அவருக்கு வரவில்லை என்பதைக் கணிதத் தாளில் அரியர் வைத்திருக்கும் தம்பிகள் கவனிக்கவும். (அதற்காக அரியரை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டாம்.)

அந்தக் குடும்பத்திடம் பணம் இல்லை, ஒரு சபை இருந்தது. ஸ்காட்லாந்தில் ஜான் கிளாஸ் என்ற போதகர் அரசுத் திருச்சபையை விட்டுப் பிரிந்து தொடங்கி, அவர் மருமகன் ராபர்ட் சாண்டமன் வளர்த்த சின்னஞ்சிறு சபை அது. சாண்டமேனியர் என்று சொல்வார்கள். சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது. சபையாரில் சிலர் மூப்பர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு முறைவைத்துப் பேசுவார்கள். ஞாயிறன்று காலை ஆராதனை, பிறகு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பாடு, மீண்டும் ஆராதனை. ஒருவர் காலை ஒருவர் கழுவும் வழக்கமும் உண்டு. வேதத்தில் எழுதியிருப்பதை எழுதியபடியே எடுத்துக்கொள்வார்கள். பூமியில் பொக்கிஷம் சேர்க்காதே என்ற போதனையை நாம் ஆலயத்தில் கேட்டுவிட்டு நேரே சீட்டுப் பணம் கட்டப் போகிறோம் அல்லவா, அவர்கள் அதையும் எழுத்துப்படியே பிடித்துக்கொண்டார்கள். தந்தை அந்தச் சபையின் உறுப்பினர். தாய் மார்கரெட் ஆராதனைக்குத் தவறாமல் போவார், ஆனால் உறுப்பினராகச் சேரவே இல்லை.

1805-இல், 14-ஆவது வயதில், ஜார்ஜ் ரீபோ என்பவரின் பைண்டிங் கடையில் ஏழு வருஷத்துக்குத் தொழில் பழகச் சேர்ந்தான் மைக்கேல். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைத் தைத்ததோடு நிற்காமல் படிக்கவும் செய்தான். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற அம்மையார் சாதாரண மக்களுக்காக எழுதிய வேதியியல் நூலும் அவனைப் பிடித்து ஆட்டின. படித்ததை நம்பிவிடாமல், காசு சேர்த்துச் சாமான் வாங்கிக் கடைக்குப் பின்னால் செய்து பார்த்தான். மாலை நேரச் சொற்பொழிவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அதைக் கொல்லுப்பட்டறையில் வேலை செய்த அண்ணன் ராபர்ட் கொடுத்தார். இந்த அண்ணனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், புகழ்பெற்ற வேதியியலார் ஹம்ப்ரி டேவி ராயல் இன்ஸ்டிடியூஷனில் நிகழ்த்திய நான்கு சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார. மைக்கேல் மாடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தான். வீட்டுக்கு வந்து அவற்றை விரித்து எழுதி, படங்கள் வரைந்து, தன் கையாலேயே அழகாக பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பினான். அதற்கு முன்பே ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கும் வேலை கேட்டு எழுதியிருந்தான். அங்கே வாசலில் போய்க் கேட்டபோது பதில் ஏதும் இல்லை என்றே பதில் வந்தது. டேவி கூப்பிட்டுப் பேசினார், ஆனால் பைண்டிங் தொழிலையே பார்த்துக்கொள் என்று புத்தி சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு ஆய்வகத்து உதவியாள் அடிதடியில் இறங்கி வேலையை இழக்க, அந்த இடம் காலியாயிற்று. 1813 மார்ச் 1-ஆம் நாள் மைக்கேல் ஃபாரடே வேலைக்கு எடுக்கப்பட்டார். வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை, குளிர்காய நிலக்கரி, மெழுகுவர்த்தி. அந்தக் கட்டிடத்தில்தான் அடுத்த 45 வருஷம் குடியிருந்தார்.

அந்த வருஷ அக்டோபரில் டேவி ஐரோப்பியப் பயணம் புறப்பட்டபோது அவருடைய வேலைக்காரர் வர மறுத்துவிட்டார். பாரிஸ் போனதும் வேறு ஆள் பிடித்துக்கொள்ளலாம், அதுவரை நீ சமாளி என்று ஃபாரடேயிடம் சொன்னார்கள். ஆள் கிடைக்கவே இல்லை. ஒன்றரை வருஷம் டேவியின் உதவியாளராகவும் வேலைக்காரராகவும் இருந்தார். டேவியின் மனைவி அவரை வேலைக்காரராக மட்டுமே நடத்தினார். அவமானம் தாங்காமல் பாதியில் ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். திரும்பவில்லை. ஆம்பியர், வோல்ட்டா போன்றோரை நேரில் பார்க்கும் வாய்ப்பு அந்தப் பயணத்தில்தான் கிடைத்தது.

1821 அவர் வாழ்வில் முக்கியமான வருஷம். ஜூன் 12-இல் சபை மூப்பர் ஒருவரின் மகளான சாரா பர்னார்டை மணந்தார். ஒரு மாதம் கழித்துச் சபையின் முன் எழுந்து நின்று தன் விசுவாசத்தை அறிக்கையிட்டு உறுப்பினரானார். இதை மனைவியிடம்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று சாரா கேட்டதற்கு, அது எனக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ள காரியம் என்ற பொருளில் பதில் சொன்னாராம். அப்போது அவருக்கு 29 வயது. பிறந்ததிலிருந்தே போய்வந்த சபையில் உறுப்பினராக இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டார் என்பதை நான் கவனித்தேன். அவசரப்படவில்லை, ஆனால் ஒருமுறை தீர்மானித்த பிறகு பின்வாங்கவும் இல்லை.

அதே செப்டம்பரில், மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். உலகத்து மோட்டார்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி. மகிழ்ச்சியாக வெளியிட்டார், வினையும் வந்து சேர்ந்தது. வொலஸ்டன் என்ற மூத்த விஞ்ஞானியின் யோசனையைத் திருடிவிட்டார் என்று பேச்சுக் கிளம்பியது. அவர் வழி வேறு, இவர் வழி வேறு. ஆனாலும் கட்டுரையில் வொலஸ்டன் பெயரைக் குறிப்பிடாமல் விட்டது தவறுதான், அவசரம். நேர்மையே உயிர் என்று இருந்தவருக்கு இந்தப் பழி ஆறாத புண்ணாயிற்று. 1824-இல் ராயல் சொசைட்டி உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது எதிர்த்தவர் யார் தெரியுமா? வளர்த்துவிட்ட டேவியேதான். ஒரே ஒரு எதிர் ஓட்டோடு ஃபாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். இத்தனைக்குப் பிறகும் டேவியைப் பற்றி நன்றியோடுதான் பேசினார்.

1831 ஆகஸ்ட் 29 நம் துறைக்காரர்கள் மறக்கக்கூடாத தேதி. 6 அங்குல விட்டமுள்ள மெல்லிரும்பு வளையம். ஒரு பாதியில் ஒரு கம்பிச் சுற்று, மறுபாதியில் இன்னொரு சுற்று. இழைகளுக்கு நடுவே நூல், அடுக்குகளுக்கு நடுவே காடாத் துணி. இன்சுலேஷன் அவ்வளவுதான். ஒரு பக்கத்தை பாட்டரியில் இணைத்த கணத்தில் மறுபக்கத்து முள் துள்ளியது, பிறகு நின்றுவிட்டது. பாட்டரியைத் துண்டித்தபோது மறுபடி துள்ளியது. நான் தினசரி சோதிக்கும் டிரான்ஸ்பார்மர் ஒவ்வொன்றும், பல டன் எடையானாலும், அந்தக் கையளவு வளையத்தின் பேரப்பிள்ளைதான். அக்டோபரில் காந்தத்தைக் காயிலுக்குள் நுழைத்துப் பார்த்தார், நாம் ஆய்வகத்தில் செய்தோமே, அதேதான். நவம்பர் 24-இல் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசிக்கப்பட்டது.

நம்மில் ஒருவராயிருந்தால் அடுத்தது என்ன செய்திருப்போம்? அந்தக் காலத்தில் தொழிற்சாலைகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் வேதியியல் ஆலோசனை சொல்லி அவர் தனியாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். 1830 வாக்கில் அது ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டு அளவை எட்டியதாக, அவருடன் பணியாற்றிய டின்டால் எழுதியிருக்கிறார். இன்ஸ்டிடியூஷன் கொடுத்த சம்பளமோ 100 பவுண்டு. இந்த வளையத்துக்குப் பிறகு அவர் ஆலோசனை வருமானத்தைப் படிப்படியாகக் கைவிட்டார். நேரம் ஆராய்ச்சிக்கு வேண்டும், பணம் வேண்டாம். இதை வாசித்த வாரத்தில் எனக்கு வேறொரு கம்பெனியிலிருந்து கூடுதல் சம்பளத்துக்கு அழைப்பு வந்திருந்தது. வீட்டுக் கடன் இருக்கும் எனக்கு ஃபாரடேயாக முடியுமா என்று ஒரு வாரம் தூக்கமில்லை. ஆலோசனை வருமானத்தை விட்டபோது அவருக்குப் பிள்ளைகள் இல்லை, வாடகை இல்லை என்றெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவை உண்மையும்தான். ஆனால் வாரம் ஒரு ரொட்டியில் வளர்ந்தவருக்குப் பணத்தின் அருமை தெரியாமலா இருந்திருக்கும்?

பணம் வேண்டாம் என்றாரே தவிர மானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1835-இல் அரசாங்கம் அவருக்கு உதவித்தொகை கொடுக்க முன்வந்தது. நேரில் பேசப் போனபோது பிரதமர் மெல்போர்ன் பிரபு, அறிஞர்களுக்கு இப்படிப் பணம் கொடுப்பதையே மட்டமாகப் பேசிவிட்டார். ஃபாரடே அன்றே வேண்டாம் என்று எழுதிவிட்டார். பிரதமர் எழுத்தில் வருத்தம் தெரிவித்த பிறகுதான் ஆண்டுக்கு 300 பவுண்டை ஏற்றுக்கொண்டார். பின்னாளில் ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி தேடி வந்தபோது அதையும் மறுத்து, கடைசிவரை வெறும் மைக்கேல் ஃபாரடேயாகவே இருப்பேன் என்று டின்டாலிடம் சொல்லிவிட்டார்.

இனி அவருடைய ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை என்றால் ராயல் இன்ஸ்டிடியூஷன் அரங்கு நிரம்பி வழியும். பிரபுக்களும் சீமாட்டிகளும் அவர் பேச்சில் கட்டுண்டு கிடப்பார்கள். குழந்தைகளுக்கென்று கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 19 முறை நடத்தினார். சாதாரண மெழுகுவர்த்தி ஒன்றை வைத்துக்கொண்டு வேதியியல் முழுவதையும் விளக்கியது உலகப் புகழ் பெற்றது. அதே ஆள் ஞாயிறன்று பார்பிகன் பகுதியில் பால்ஸ் ஆலி என்ற சந்துக்குள் இருந்த எளிய கூடத்தில், சாதாரண வேலைக்காரர்களும் சிறு வியாபாரிகளும் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். 1840-இல் மூப்பராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பேசத் தொடங்கியபோது அவர் பேச்சைக் கேட்க வந்த வெளியாட்களுக்கு ஏமாற்றமே. வசனத்தோடு வசனத்தைக் கோத்து வாசிப்பார், சொந்தச் சரக்கு ஏதும் இருக்காது, விஞ்ஞானத்தின் வாடையே இருக்காது. அரங்கில் பிரசங்கம் பண்ணியதும் இல்லை, சபையில் சொற்பொழிவு ஆற்றியதும் இல்லை. நோயாளிச் சபையாரைப் போய்ப் பார்ப்பதும், ஏழைகளுக்குச் சத்தமில்லாமல் கொடுப்பதும் அவருடைய வாரத்தின் பகுதி.

அப்படியானால் என்னைப் போலவே அவருக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்ததா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 1854-இல் இளவரசர் ஆல்பர்ட் முன்னிலையில் பேசியபோது, மறுமையைப் பற்றிய நம்பிக்கை ஆராய்ச்சியால் எட்டக்கூடியது அல்ல என்று அவரே பிரித்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் அவருடைய ஆய்வகக் குறிப்பேடுகளின் போக்கைப் பார்த்தால் சங்கதி வேறு. மின்சாரம், காந்தம், ஒளி, வெப்பம் எல்லாமே ஒரே மூலத்திலிருந்து வருபவை என்று உறுதியாக நம்பினார். ஒருவரே படைத்தார் என்றால் படைப்பிலும் ஒருமை இருக்க வேண்டுமல்லவா? அந்த நம்பிக்கையோடு தேடியதால் 1845-இல் காந்தம் ஒளியின் தளத்தைத் திருப்பும் என்று கண்டார். ஈர்ப்பு விசைக்கும் மின்சாரத்துக்கும் உறவு இருக்கும் என்று தேடியதில் தோற்றார், தோற்றதையும் அப்படியே வெளியிட்டார். நம்பிக்கை அவரைத் தேடத் தூண்டியது, ஆனால் முள் அசையாதபோது அசைந்தது என்று எழுத வைக்கவில்லை.

அந்தச் சபை அவருக்குச் சுகம் மட்டும் தரவில்லை. 1844 மார்ச் 31-இல் சபையை விட்டே நீக்கப்பட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராமல் விக்டோரியா மகாராணியோடு விருந்துக்குப் போனதால் நீக்கினார்கள் என்று ஒரு கதை ரொம்ப நாளாக உலவுகிறது. நானும் அதை நம்பி ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஆதாரம் இல்லை என்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சபை ஒழுங்கு பற்றி எழுந்த தகராறில் அவரோடு இன்னும் பலரும் சேர்ந்தே நீக்கப்பட்டார்கள். உலகமே கொண்டாடும் விஞ்ஞானி, அந்தச் சின்னக் கூடத்துக்குள் நுழைய முடியாமல் நின்றார். கோபித்துக்கொண்டு வேறு ஆலயத்துக்குப் போகவில்லை. ஐந்து வாரம் கழித்துத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மறுபடி நீக்கப்பட்டால் திரும்ப வழியே இல்லை என்பது அவர்கள் சட்டம். மூப்பர் பதவி மீண்டும் கிடைக்க 1860 வரை ஆயிற்று. உண்மையைச் சொன்னால் அப்படிப்பட்ட கடுமையான சபையில் நான் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டேன். அவ்வளவு கடுமை சரியென்றும் எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு முன்பே உடலும் மனமும் தளர்ந்திருந்தன. 1840-ஐ ஒட்டித் தலைசுற்றல், தலைவலி, எல்லாவற்றையும்விடக் கொடுமையாக மறதி. ஆராய்ச்சியையே நிறுத்தும்படி ஆயிற்று. 1841-இல் சாராவோடு சுவிட்சர்லாந்து போனார். மலைகளில் ஒரே நாளில் 40 மைலுக்கு மேல்கூட நடந்திருக்கிறார். கால் நன்றாக இருந்தது, தலைதான் ஒத்துழைக்கவில்லை. அங்கே இன்டர்லாக்கன் ஊரில் ஆணி அடிக்கும் பட்டறை ஒன்றைப் பார்த்து நின்றுவிட்டார். கொல்லுப்பட்டறை என்றாலே தனக்குப் பிரியம் என்றும், தன் அப்பா கொல்லர் என்றும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவரைப் பற்றிப் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அப்போது அவருக்கு 50 வயது நெருங்கிக்கொண்டிருந்தது, ஐரோப்பா முழுதும் பெயர்.

சபையிலிருந்து நீக்கப்பட்ட அதே 1844-இல், செப்டம்பர் 28 அன்று, ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 95 ஆண்களும் சிறுவர்களும் இறந்தார்கள். அரசாங்கம் ஃபாரடேயையும் புவியியலார் லையலையும் அனுப்பியது. ஃபாரடே சுரங்கத்துக்குள் இறங்கினார். காற்றோட்டத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டபோது, மேற்பார்வையாளர் ஒரு சிட்டிகை வெடிமருந்தை எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் போட்டு, புகை போகும் வேகத்தைக் காட்டினார். சரி, மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார் ஃபாரடே. கட்டிவைத்த ஒரு மூட்டையில், அந்த மூட்டையின் மேல்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. ஆள் துள்ளி எழுந்தார். பாதுகாப்பு வாரத்தில் போஸ்டர் ஒட்டுகிற எல்லோரும் அறிய வேண்டிய கதை இது. விபத்து என்றே தீர்ப்பாயிற்று. ஆனால் வாயுவோடு நிலக்கரித் தூசியும் சேர்ந்து எரிந்து உயிர் குடித்தது என்று அவர்கள் அறிக்கை சொன்னது. முதலாளிகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விதவைகளுக்காகத் திரட்டிய நிதிக்குத் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டு இருவரும் ஊர் திரும்பினார்கள்.

தேம்ஸ் நதி சாக்கடையாகிக் கிடந்ததைப் பற்றி 1855 ஜூலையில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். படகில் போகும்போது வெள்ளை அட்டைத் துண்டுகளை நனைத்துத் துறைக்குத் துறை தண்ணீரில் போட்டுப் பார்த்தார். ஓர் அங்குலம் மூழ்குவதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் போயினவாம். செலவு ஒரு அட்டை. கூவம் கரையில் வேலை பார்க்கும் நம் நண்பர்கள் செய்து பார்க்கலாம், அட்டைகூடத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

என் கேள்விக்கு அவர் வாழ்க்கையில் மிக அருகே வந்தது கலங்கரை விளக்கங்கள். கடலோர விளக்குகளைப் பராமரிக்கும் டிரினிட்டி ஹவுஸ் அமைப்புக்கு 1836 முதல் 1865 வரை ஆலோசகராக இருந்தார். வருஷத்துக்கு 200 பவுண்டு. புகழ் தரும் வேலை இல்லை. எண்ணெயின் தரம், கண்ணாடி, திரி, பெயின்டுக்கான ஈயம், குடிதண்ணீர் என்று ஓயாத சோதனைகள், அறிக்கைகள். குளிர்கால இரவுகளில் விளக்கிலிருந்து கிளம்பும் நீராவி கண்ணாடியில் படிந்து வெளிச்சத்தை மங்கச் செய்தது. வெளிச்சம் மங்கினால் கப்பல் பாறையில் மோதும். அவர் புகைபோக்கி ஒன்றை வடிவமைத்து ஆவியை வெளியே கொண்டுபோனார். பிரச்சினை தீர்ந்தது. அந்தக் கருவிக்கான காப்புரிமையை அண்ணன் ராபர்ட்டுக்கு விட்டுக்கொடுத்தார். பட்டறையில் உழைத்து ஒரு ஷில்லிங் கொடுத்தாரே, அதே அண்ணன்தான்.

1858 டிசம்பரில் சவுத் ஃபோர்லண்ட் கலங்கரை விளக்கத்தில் மின்விளக்கு சோதனையாக எரிந்தது. ஹோம்ஸ் என்பவர் செய்த காந்த இயந்திரம், அதாவது 1831-இல் முள் துள்ளியதே, அதே தத்துவம் இப்போது கடலுக்கு வெளிச்சம் காட்டியது. 1860 பிப்ரவரியில் அதைச் சோதிக்க ஃபாரடே புறப்பட்டார். வயது 68. போகும் வழியில் பனிப்புயலில் ரயில் சிக்கி இரவெல்லாம் நின்றுவிடும் போலாயிற்று. டோவர் போய்ச் சேர்ந்தால் மேட்டுச் சாலைகள் பனியில் புதைந்து கிடந்தன. லண்டன் திரும்பினார். அதே வாரம் வெள்ளிக்கிழமை மறுபடி போனார். சாலை இன்னும் திறக்கவில்லை. வேலிகளையும் சுவர்களையும் ஏறிக் குதித்து, வயல்களைக் கடந்து விளக்கத்தை அடைந்து, பார்க்க வேண்டியதைப் பார்த்து அறிக்கை கொடுத்தார். அடுத்த வாரம் போய்க்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெப்பநிலை உயர்வுச் சோதனை என்று எங்களிடம் ஒன்று உண்டு. எண்ணெயின் வெப்ப உயர்வு மணிக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாகி, அப்படியே மூன்று மணி நேரம் நிலைக்க வேண்டும். ஒருநாள் இரவு லாரி வாசலில் நின்றது, டெலிவரிக்குக் கடைசி நாள். இரண்டு மணி நேரம் முடிந்ததும் மூன்றாவது மணிக்கான அளவீட்டைக் கணக்குப் போட்டு நானே எழுதிக் கையெழுத்திட்டேன். தப்பாக இருக்க வாய்ப்பே இல்லை என்று தெரியும். வீட்டுக்குப் போய், படுக்கைக்கு முன் நாலு பக்கம் படிக்கும் வழக்கப்படி இந்தப் புத்தகத்தைத் திறந்தேன். வந்த பக்கம் அந்தப் பனி. விடியற்காலையில் மேலாளருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். லாரி இன்னும் கிளம்பவில்லை. டிரான்ஸ்பார்மரை மறுபடி ஏற்றி முழுச் சோதனையும் ஓட்டினோம். நான் எழுதியிருந்த எண்ணுக்கும் வந்த எண்ணுக்கும் வித்தியாசம் அரை டிகிரிகூட இல்லை. திட்டு மட்டும் வண்டி வண்டியாகக் கிடைத்தது, அந்த வருஷ இன்கிரிமென்ட்டும் போயிற்று. ஜெபிக்கும்போது சோதனைப் பிரிவையும் சேர்த்து ஜெபிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கூடுதல் சம்பள அழைப்புக்கும் போகவில்லை. அதில் பாதி துணிச்சல், பாதி சோம்பல்.

ஃபாரடேயின் கடைசிச் சோதனை 1862 மார்ச் 12-இல் நடந்தது. காந்தம் சுடரின் நிறமாலைக் கோடுகளை மாற்றுமா என்று பார்த்தார். எதுவும் தெரியவில்லை, அப்படியே குறித்து வைத்தார். 1896-இல் ஸீமன் என்ற டச்சுக்காரர் வலுவான கருவிகளோடு அதைக் கண்டார், நோபல் பரிசும் பெற்றார். ஃபாரடேயின் விசைக்கோடுகளுக்குக் கணித உருவம் கொடுத்தவர் மேக்ஸ்வெல். அவர் கட்டுரை வந்தபோது, கணிதத்தில் கண்ட முடிவுகளைத் தன்னைப் போன்றவர்களுக்காகச் சாதாரண மொழியிலும் சொல்லக்கூடாதா என்று கடிதம் எழுதிக் கேட்டார் ஃபாரடே. அந்த வயதிலும் அந்தப் பெயரிலும், எனக்குப் புரியவில்லை என்று இளைஞர் ஒருவரிடம் சொல்ல அவருக்குக் கூச்சம் இல்லை.

நினைவு ஒவ்வொன்றாக உதிர்ந்தது. 1861-இல் குழந்தைகளுக்கான சொற்பொழிவிலிருந்தும், 1864-இல் மூப்பர் பொறுப்பிலிருந்தும், 1865-இல் கலங்கரை விளக்கப் பணியிலிருந்தும் விலகினார். எது எதைச் சரியாகச் செய்ய முடியவில்லையோ அதை அதைத் தானாகவே இறக்கி வைத்தார். ஹாம்ப்டன் கோர்ட்டில் மகாராணி 1858-இல் கொடுத்திருந்த வீட்டில் சாராவோடு, மேற்கு வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாராம். 1867 ஆகஸ்ட் 25 அன்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்தது. நியூட்டன் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்திருப்பார்கள், அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. லண்டன் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில், அரசுத் திருச்சபையைச் சேராதவர்களுக்கான பகுதியில் அடக்கம் செய்தார்கள். குடும்பத்தாரும் சில நண்பர்களும் மட்டும் வந்தார்கள். கல்லில் அவர் பெயர், பிறந்த நாள், இறந்த நாள்.

அந்த இரும்பு வளையம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பத்திரமாக இருக்கிறது. சுற்றியிருந்த காடாத் துணி பழுப்பேறி, நூல் அங்கங்கே பிரிந்திருக்கிறது.